ரோசிட்டாவின் பேர் வெட்டிய சட்டி

சிப்பித்துறையில் கடைசித் தெருவுக்கும் கடைசியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மிராண்டா ஐயா வீட்டில் ஆள் ஒருத்தர்தான், பாத்திரம் முந்நூறு இருந்தது, அந்த முந்நூறில் ஒன்றில்கூட யாரும் ஒருநாளும் உலை வைத்ததில்லை. ஐயா முப்பது வருசம் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். கூடப் போனவர்கள் எல்லாம் துறைமுகத்துக்குத் துறைமுகம் சேலையும் ரேடியோவும் வாங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சீனத்துச் சந்துகளில் புகுந்து பழைய வெண்கலமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பறவை மாதிரி ஒரு குடம், கத்தி மாதிரி மூன்று கால் வைத்த கிண்ணங்கள், நாக்கு இல்லாத மணிகள், முகம் தெரியாத முகக்கண்ணாடிகள், எல்லாம் பாசி பிடித்த குளத்துப் படி போலப் பச்சையாய், சுவர் முழுக்கப் பலகை அடித்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

தினமும் காலையில் போய் அவற்றுக்குத் தூசி தட்டுவது என் வேலை. பெயின்ட் அடிக்கிற பிரஷ், அதுவும் காய்ந்த பிரஷ். "தண்ணி படக் கூடாது, புளி படக் கூடாது, உன் மூச்சுகூட பலமாப் படக் கூடாது, பிள்ளை. இந்தப் பச்சைதான் சொத்து. உள்ள இருக்கிறது சும்மா உலோகம்" என்பார் ஐயா. களிம்பு ஏறின பாத்திரத்தில் தின்றால் வயிறு போகும் என்று எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், இவர் களிம்புக்காகவே கடல் தாண்டிப் போயிருக்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். வெளியே சிரிக்க மாட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஒருத்தர் முன்னாலும் பாதிதான் வரும்.

அந்த வருசம் ஐயா கண் ஆபரேசனுக்கு மதுரைக்குப் போனார், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அவர் போன பத்தாம் நாள் எங்கள் கோயிலில் அசனம், ஊருக்கே சோறு ஆக்கிப் போடுகிற விருந்து, வந்தது. அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு சட்டி கொடுக்க வேண்டும், அந்தச் சட்டியில்தான் சோறும் ஆட்டுக்கறியும் வீட்டுக்குத் திரும்பி வரும். எங்கள் வீட்டுச் சட்டி அடி ஓட்டையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கஸ்பார் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் கிடந்தார், இரவல் கேட்கவோ எனக்கு வாய் கிடையாது. ஐயா வீட்டில் கீழ்ப்பலகை மூலையில் மூன்று கால், இரண்டு காது வைத்த கனத்த சட்டி ஒன்று இருந்தது. வயிற்றில் இரண்டு பெரிய கண்ணும் மூக்கும் மேல்வாயும் வார்த்த ஒரு முகம், கீழ்த்தாடை கிடையாது. ஒருநாள் பொழுதுதானே, உள்ளே வாழையிலை விரித்துக்கொண்டால் களிம்பு ஒட்டாதே என்று அதை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனேன்.

கோயில் முற்றத்தில் சட்டிகள் மலைபோல் கிடந்தன. கலந்துவிட்டால் சண்டை வரும் என்று எங்கள் ஊரில் பேர் வெட்டாத சட்டியை அசனத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். அதற்காகவே பாத்திரக்கடை சங்கரபாண்டி உளியும் சின்னச் சுத்தியலுமாய் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டொக் டொக் என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஆம்பளைகள் நின்றார்கள். என் முறை வந்ததும் சட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்டு, "யார் பேரும்மா?" என்று கேட்டார்.

ஐயா பேரைச் சொன்னால் கேட்காமல் எடுத்தது தெரிந்துவிடும். என் பேரைச் சொன்னால் களவாகிவிடும்.

"ஏம்மா, பேரு மறந்து போச்சா? இல்ல, வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வெக்கமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் இடுப்பில் ரோசிட்டா இருந்தாள், அப்போது அவளுக்கு மூன்று வயசு முடிந்து ஒரு மாதம். என் வாய் தானாகத் திறந்து, "ரோசிட்டா" என்றது. அவர் பிள்ளையின் அப்பா பேரில் முதல் எழுத்தையும் கேட்டுச் சேர்த்து 'க. ரோசிட்டா' என்று அந்த முகத்தின் நெற்றியில் வெட்டினார். மூன்று உளி மொக்கையானது. "என்ன உலோகம்டா இது" என்று மூன்று தடவை சொன்னார்.

சோறும் கறியும் வாங்கி வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிப்போயிருந்தாள். எழுப்பி ஊட்டலாம் என்று சட்டியை இறக்கிவைத்துவிட்டு, தண்ணீர் எடுத்துத் திரும்பி வந்தால், சட்டிக்குள் வாழையிலை மட்டும் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. பாயில் ரோசிட்டா கண்ணைத் திறந்து, ஆட்டுக்கறி வாசமாய் ஒரு ஏப்பம் விட்டு, "போதும்மா" என்றாள்.

இப்படித்தான் என் மகளுக்குப் பசி நின்றது. வாயில் சோறு வைத்தால் அது வாயிலேயே இருந்து காய்ந்து உதிர்ந்தது. சட்டியில் வைத்தால் நான் கண்ணை இமைக்கிற நேரத்தில் சோறு போய்விடும், அவள் வயிறு நிறைந்துவிடும், என்ன குழம்பு என்றுகூடத் தெருவில் விளையாடிக்கொண்டே சொல்வாள். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் சட்டியிலேயே சோறு வைத்தேன். பிள்ளை வயிறு நிறைந்தால் போதும் என்று எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன்.

எங்கள் தெருவில் எதையும் மூடிவைக்க முடியாது. நாலாம் நாள் பிரகாசி அக்கா வந்தாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி அவள். அண்ணன் தொம்மை சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து வேகமாய் மேலே வந்ததில் காலும் கையும் விழுந்து மூன்று வருசமாகப் படுக்கையில் கிடந்தார். அக்கா சட்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த சூரைமீன் குழம்புச் சோற்றை அதில் கொட்டி, வாசலில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, விளையாட்டாகத்தான் சொன்னாள்: "ஏட்டி ரோசிட்டா, வயிறு நிறைஞ்சிச்சுல்லா? அப்படின்னா உங்க பெரியப்பாவ எந்திரிக்கச் சொல்லு."

ரோசிட்டா சிப்பியிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தொம்மை அண்ணன் சுவரைப் பிடிக்காமல் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எவளாவது ஒரு பீடி குடுங்கட்டி, மூணு வருசமாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு சிப்பித்துறை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதுசாய்க் குழாய் போட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. முதல் வாரம் தள்ளுமுள்ளு, இரண்டாம் வாரம் வரிசை, மூன்றாம் வாரம் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை. சட்டியை எங்கள் வீட்டிலிருந்து தூக்கி வலைக்கொட்டகையில் பலகை போட்டு வைத்தார்கள், வெயில் படாமல் ஓலை மறைத்தார்கள், பக்கத்தில் ரோசிட்டாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கைலியை மடித்துக் கட்டின ஆம்பளைகள் அவள் முன்னால் வரும்போது அவிழ்த்துக் கணுக்கால்வரை விட்டார்கள், பெண்கள் முக்காடு போட்டார்கள், எழுபது வயசுக் கிழவர்கள் மூன்று வயசுப் பிள்ளையை, பாட்டியைப் பெற்றவளைக் கூப்பிடுகிறதுபோல, "பூட்டி" என்று கூப்பிட்டு, "பூட்டி, ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கை கட்டினார்கள். அவள் யாரையும் இல்லை என்று சொல்லவில்லை. சோறு விழுந்தது, "சரி" என்றாள், நடந்தது. காணாமல்போன போட் கரைக்கு வந்தது, கர்ப்பம் தங்காதவளுக்குத் தங்கியது, பத்து வருசமாய்ப் பேசாத அண்ணன் தம்பி ஒரே கட்டுமரத்தில் போனார்கள்.

கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சூசை மட்டும் இரண்டு ஞாயிறு, இது சாத்தானின் சட்டி என்று தொண்டை வற்றப் பேசினார். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். "என்ன உபதேசியாரே, துண்டு மணக்குதே, உள்ள சாத்தானா கோழியா?" என்று தொம்மை அண்ணன் கேட்டார். "உமக்கு எந்திரிச்சு நடக்கலாம், எம் மகளுக்குக் குவைத்து நர்ஸ் வேலைக்கு விசா வரக் கூடாதாவே?" என்று சொல்லிக் கோழிக்குழம்பை ஊற்றினார். விசா வந்தது. அதற்குப் பிறகு சாத்தானைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் கொட்டகையின் ஓரத்தில், கிழிந்த வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் கண்ணுக்குப் படாதது எனக்குப் பட்டது. அவளுக்கு முடி வளரவில்லை, நகம் வளரவில்லை. கொசு எல்லாரையும் கடித்தது, அவளைக் கடிக்கவில்லை. ஈர மணலில் ஓடினாள், தடம் விழவில்லை. காதுக்குப் பின்னால், நகத்தின் அடியில், பச்சையாய் ஒரு கோடு. குளிப்பாட்டும்போது தேய்த்தேன், போகவில்லை. மாதம் ஒருதடவை பால்வாடியில் எடை போடுவார்கள். முதல் மாதம் பதினொரு கிலோ இருந்தது ஒன்பது ஆயிற்று, பிறகு ஆறு, பிறகு மூன்று, ஐந்தாம் மாதம் தூளியில் உட்காரவைத்தும் முள் அசையவேயில்லை. டீச்சர் முள்ளைத் தட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அட்டையில் பதினொன்று என்றே எழுதினாள். எழுதிவிட்டு ரோசிட்டாவின் காதருகே குனிந்து, "பூட்டி, எனக்கு எங்க ஊருக்கே டிரான்ஸ்பர் வேணும்" என்றாள்.

அந்த மாதம் கஸ்பார் போன் பண்ணினார். "ஏட்டி, பிள்ளைகிட்ட போனைக் குடு." அப்பா ஒருத்தராவது அவளை 'சாப்பிட்டியா மக்கா' என்று கேட்பார் என்று ஆசையாய்க் காதில் வைத்தேன். அவர், எங்கள் போட்டு வலையில் மட்டும் அயிலை மீன் படணும் என்றார். ரோசிட்டா "சோறு?" என்று கேட்டாள். "அம்மாவ வைக்கச் சொல்லுறேன்" என்றார். நான் வைத்தேன். அதையும் நான்தான் வைத்தேன்.

ஐயா ஆறாம் மாதம்தான் வந்தார், ஆபரேசனில் சீழ் வைத்து இழுத்துவிட்டது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நேரே கொட்டகைக்கு வந்து சட்டியின் நெற்றியை விரலால் தடவினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "யார் வெட்டினது?" என்றார். சொன்னேன். குனிந்து சட்டிக்குள் அடியைக் காட்டினார்.

"உள்ள அடியில எழுத்து இருக்கு பார்த்தியா, பிள்ளை? நான் வாங்கின கடைக்காரக் கிழவன் படிச்சுச் சொன்னான். எல்லாம் பேரு. செத்துப்போன அப்பன், அவனுக்கு அப்பன், அவனுக்கும் அப்பன். இது ஆக்கித் தின்கிற சட்டி இல்ல. செத்தவங்களுக்குச் சோறு வைக்கிற சட்டி. இதுல யார் பேரு இருக்கோ, வைக்கிற சோறு அவங்களுக்குப் போகும். தின்னுட்டு, வைச்சவங்க கேட்டதை அவங்க குடுத்தாகணும். அதுதான் முறை."

"எம் பிள்ளை சாகலியே, ஐயா."

"சட்டிக்கு அது தெரியாது" என்றார். பிறகு, சொல்லக் கூடாததைச் சொல்கிறவர்போல் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருசமா வாங்கி வாங்கி அடுக்கினேன், ஒண்ணுகூட வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என்னமோ எழுத ஆரம்பித்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். இவரிடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்தது.

சங்கரபாண்டியிடம் போனேன். பேரை அராவி எடுக்க முடியுமா என்று கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கொட்டகைக்கு வந்து நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "முன்னாடியே மூணு உளி போச்சு. இது இளகுற உலோகம் இல்லம்மா. அராவினா பிளந்துரும். சட்டி பிளந்தா அதுல இருக்கிற பேருக்கு என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?" சுற்றி நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அராவவும் வேண்டாம், உளியோடு இந்தப் பக்கமே வரவும் வேண்டாம் என்று அவரை நல்லபடியாகவே சொல்லி அனுப்பினார்கள். அன்றையிலிருந்து கொட்டகைக்குக் காவல் போட்டார்கள்.

எட்டாம் மாதம் ஊர் கூடிப் பேசி, கொட்டகை இருந்த இடத்தில் சிப்பியும் சிமென்டும் வைத்து, மாதாவுக்குக் கட்டுகிற குகை மாதிரி ஒரு கெபி கட்டினார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே சட்டிக்கு ஒரு மேடை, பக்கத்தில் இன்னொரு மேடை, அது ரோசிட்டா உட்காருகிற அளவு. காற்றும் மழையும் படாமல் இருக்கட்டும் என்றார்கள். "வீட்டுக்கும் கெபிக்கும் அவள எதுக்கு அலைக்கழிக்கணும், அங்கயே இருக்கட்டும், நீ எப்ப வேணும்னாலும் வந்து பார்த்துக்க" என்று பிரகாசி அக்கா என் கையைப் பிடித்து அன்பாகத்தான் சொன்னாள். கெபியைச் செபம் சொல்லி மந்திரித்துக் கதவு சாத்துகிற நாளும் குறித்தார்கள். பூட்டு வாங்கி உபதேசியாரிடம் கொடுத்தார்கள். ரோசிட்டாவுக்கு வெள்ளைக் கவுன் தைத்தார்கள், போன வருசத்து அளவிலேயே தைத்தார்கள்.

அந்த நாள் காலையில் கவுனை மாட்டிவிட்டு அவளை இடுப்பில் தூக்கினேன். இடுப்பில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தால் இருக்கிறாள், கையால் தடவினால் இருக்கிறாள், இடுப்புக்கு மட்டும் தெரியவில்லை. அவளைக் கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, உலை வைத்தேன். சாளைமீனை முள் எடுத்து, சோற்றில் போட்டு, அவளுக்கு முன்பெல்லாம் பிசைகிறதுபோலக் குழையப் பிசைந்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியில் நின்றேன்.

முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்றவள் பார்த்தாள். வரிசை முழுக்கத் திரும்பியது.

"நீ எதுக்குட்டி வரிசையில நிக்கிற? உம் பிள்ளைதான?" என்று பிரகாசி அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கிட்டே வந்து மெதுவாக, "என்ன கேக்கப்போற?" என்றாள்.

நான் கிண்ணத்தை மாரோடு அணைத்துக்கொண்டேன்.

"மெர்சலி, அவரு இப்பத்தான் எந்திரிச்சு நடக்காரு. நீ ஒண்ணு கேட்டு, குடுத்ததெல்லாம் திரும்பிப் போச்சுன்னா நான் எங்க போவேன்? உம் பிள்ளைக்கு என்ன குறை, ராணி மாதிரி வச்சிருக்கோம்லா?" எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் கிண்ணத்தைப் பிடித்த கையை விடவில்லை, வரிசை நகர நகர நானும் நகர்ந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை, முறை என்றால் முறைதான், அதை அவர்களே போட்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. உபதேசியார் கையில் பூட்டோடு நின்றார், ஐயா நோட்டோடு நின்றார், ஊர் முழுக்க நின்றது. சோற்றைச் சட்டியில் வைத்தேன். வாய் வரவில்லை. ரோசிட்டா எல்லாரையும் பார்க்கிற மாதிரியே என்னையும் பார்த்தாள், ரொம்பத் தூரத்திலிருந்து ஒரு வயசானவள் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான், ஊர் கேட்கக் கத்தினேன்: "உனக்குப் பசி வரணும் மக்கா! எம் பிள்ளைக்குப் பசி வரணும்!"

அவள் சட்டிக்குள் எட்டிச் சோற்றைப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டாங்க. நீ மட்டும் கேக்கவே இல்லயே, அம்மா" என்றாள். பிறகு, "சரி."

சட்டியில் சோறு அப்படியே இருந்தது. ரோசிட்டாவின் முகம் கோணியது, உதடு பிதுங்கியது, எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் அழுதாள். "அம்மா, பசிக்குது."

சட்டிக்குள் கைவிட்டு அள்ளி ஊட்டினேன். மென்றாள், விழுங்கினாள், தொண்டையில் சோறு இறங்குவதைப் பார்த்தேன். நான் அழுதேன், பிரகாசி அக்கா தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள், தொம்மை அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தார், அவளும் அழுதாள். யாருக்குக் கொடுத்ததும் போகவில்லை. ஊருக்கே மூச்சு வந்தது. "இவ்வளவுதானா, இதுக்குப்போயி" என்று யாரோ சிரித்தார்கள்.

கிண்ணத்துச் சோறு முடிந்தது. "இன்னும்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் அவரவர் கொண்டுவந்ததைச் சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். அது முடிந்தது. மந்திரிப்புக்கு வந்தவர்களுக்கு ஆக்கிவைத்திருந்த மூன்று அண்டாச் சோற்றில் ஒரு அண்டா முடிந்தபோது சிரிப்பு நின்றது. மூன்றாவது முடிந்தபோது, ஐயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது அவ பசி மட்டும் இல்ல, பிள்ளை. அடியில பேரு இருக்கிற அத்தனை பேரோட பசியும்" என்றார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அன்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது இடுப்பு வலித்தது. ஆசையாய் வலித்தது. இப்போது வாரா வாரம் எடை பார்த்தேன்: அந்த வாரம் பால்வாடியில் முள் பதினொன்றுக்கு வந்தது, அடுத்த வாரம் பதினேழு, அதற்கடுத்த வாரம் தூளி அறுந்தது. ஆள் மட்டும் அதே உயரம், அதே கவுன். மணலில் தடம் விழுந்தது, விழுந்த தடத்தில் தண்ணீர் ஊறுகிற ஆழத்துக்கு விழுந்தது.

சிப்பித்துறை இதையும் எடுத்துக்கொண்டது. வாங்கினவர்கள் எல்லாரும் வாங்கினவர்கள்தானே, மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தெருவுக்கு ஒரு நாள் என்று முன்பு போட்ட முறையிலேயே இப்போது உலை வைக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் பாதி மீனைக் கரையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பூட்டிக்கு என்று யாரும் சொல்வதில்லை இப்போது, மெர்சலி பிள்ளைக்கு என்றுதான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுத் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஐயா ஒருநாள் காலை பஸ்ஸில் போனவர் திரும்பவில்லை. முந்நூறு பாத்திரமும் அங்கேயேதான் இருக்கின்றன, தூசி தட்ட நான் போவதில்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டு முறை. மத்தியானத்துக்குள் அரிசிப்பானை காலி, அடுப்பில் வைத்தது காலி, குழம்புச் சட்டியும் வழித்தாயிற்று. மடியில் கல்போலக் கனத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கால் மரத்துவிட்டது.

"அம்மா, இன்னும்."

"இல்ல மக்கா. பெரியம்மா வீட்டுல உலை கொதிக்குது, இந்தா வந்துரும்."

அவள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள். காலையிலிருந்து சோறு பிசைந்து பிசைந்து வெளுத்த கை. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "இது வாசமா இருக்கும்மா" என்றாள். அந்தத் தூரத்துப் பார்வை இல்லை, என் பிள்ளைதான் பார்த்தாள், கண்ணில் நீர் நின்றது, அவ்வளவு பசி.

நான் கேட்டது இதைத்தான், ஊர் முன்னால் வாய் திறந்து கேட்டது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. முதலில் உதடு பட்டது, பிறகு பல், சின்னச் சின்ன பால் பல், எவ்வளவு சூடாய் இருந்தது.